பிள்ளை ஒன்று, அலுவலகம் ஐந்து

குழந்தைகள் மனநலம் பற்றி மாவட்ட அளவில் ஒரு மாநாடு நடத்த வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். தொண்டு நிறுவனக்காரர்கள், அரிமா சங்கத்துக்காரர்கள், சமூகப்பணி படிக்கும் மாணவர்கள். வரும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும். தலைமை யார், முன்னிலை யார், குத்துவிளக்கு ஏற்றுவது யார், பொன்னாடை எத்தனை. உட்காருங்கள், டீ சொல்கிறேன், அந்தப் பட்டியலை மடித்துப் பையில் வையுங்கள் என்பேன். அது கடைசி வாரத்து வேலை. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உங்கள் மாநாட்டுக்கு ஒரு அம்மா ஏன் வர வேண்டும்?

எந்த அம்மா என்று கேட்டால் சொல்கிறேன். அரசு மருத்துவமனை வாசலில் பார்த்திருப்பீர்கள். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் லேமினேட் செய்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நான்காக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன இஇஜி அறிக்கை, ‘அடுத்த முறை வரும்போது கொண்டுவரவும்’ என்று எழுதிய ஓ.பி. சீட்டு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு கடிதம், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் பச்சை மைக் கையெழுத்தோடு ஏழெட்டு ஜெராக்ஸ். பையன் ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். மறு கையால் அவள் சரியான தாளைத் தேடிக்கொண்டிருப்பாள். அந்தப் பையில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு அலுவலகம் கொடுத்திருக்கிறது. ஒரு அலுவலகம் கொடுத்த தாளை இன்னொரு அலுவலகம் வாங்கிப் படித்ததாக அவளுக்கு நினைவில்லை.

நம் மாவட்டங்களில் குழந்தை மனநலத்துக்கும் குடும்பத்துக்கும் உதவ ஒன்றுமே இல்லை என்று மேடையில் பேசுவார்கள். நம்பாதீர்கள். போதாது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் வந்தது. அதில் மனநல மருத்துவர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் போய்ப் பார்க்கிறார்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் வண்டிக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பேச்சு வரவில்லை, நடை வரவில்லை, கவனம் நிற்கவில்லை என்றால் மாவட்டத் தலைமையிடத்து மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதுவார்கள். டிஇஐசி என்றால்தான் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக் கல்வித் துறையில் வட்டார வள மையமும் சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தனி. அதோடு சேர்ந்து, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இன்னொரு கட்டடத்தில். அங்கன்வாடி வேறொரு துறை.

மனநலத் திட்டம், டிஇஐசி, வள மையம், பாதுகாப்பு அலகு, மாற்றுத்திறனாளி அலுவலகம். பெரிய கதவுகளை மட்டும் எண்ணினாலே ஐந்து. பிள்ளை ஒன்றுதான். ஒரு கதவில் நிற்பவருக்கு அடுத்த கதவு எந்தக் கிழமை திறக்கும் என்று தெரியாது. ஒரே கலெக்டர் அலுவலக வளாகத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள், மாநாட்டு மதியச் சாப்பாட்டில்தான் முதன்முறையாக அறிமுகமாகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாநாடு நடத்துவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான். இவர்களை ஒரு நாள் முழுக்க ஒரே மேசையில் உட்காரவைக்க வேறு சாக்கு கிடைப்பதில்லை.

புள்ளிவிவரம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், கொஞ்சம். நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. நூறு பிள்ளைகள் உட்காரும் இரண்டு வகுப்பறையில் ஏழு பேர். உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயதில் ஏழில் ஒருவர் என்கிறது. இந்த இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்பது ஸ்லைடு காட்டும் பேராசிரியரை அழைத்தால், நான்காவது ஸ்லைடில் அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிற்பாள்.

சரி, ஒரே மேசையில் உட்காரவைத்து என்ன செய்வது? ஒரு குடும்பத்தைக் கொடுங்கள். நிஜக் குடும்பம் வேண்டாம், நாமே கட்டிய குடும்பம். நான் சொல்வது இப்படி இருக்கும்: ஒன்பது வயதுப் பெண். அப்பா தவறிவிட்டார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒரு முறை வந்து போகிறாள். பிள்ளைகள் பாட்டியோடு கிராமத்தில். மூன்று மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பாட்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். தம்பிக்கு நான்கு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. ‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்கிறாள் பாட்டி.

இதை ஒரு தாளில் அடித்து எல்லோருக்கும் கொடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: நாளைக் காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? யாராவது எழுந்து ‘எங்கள் திட்டத்தின் நோக்கங்களாவன’ என்று தொடங்குவார். அவரை மரியாதையாக உட்காரவைக்கத் தெரிந்தவர்தான் இந்த அமர்வை நடத்த வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். அதிகாரிகளையும் வகுப்பில் உட்காரவைக்கும் குரல் அவர்களுக்கு இருக்கும்.

முதலில் அங்கன்வாடிப் பணியாளரைப் பேசவிடுங்கள். வழக்கமாக அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைப்போம். ஆனால் அந்தத் தம்பியைத் தினமும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ‘போன முறை வண்டி வந்தப்பவே சொன்னேன், சீட்டு எழுதிக் கொடுத்தாங்க, பாட்டி போகல’ என்பார். ஏன் போகவில்லை? மாவட்டத் தலைமையிடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பேச்சுப் பயிற்சி ஒரு நாளில் முடிவதில்லை, வாராவாரம் வரச் சொல்வார்கள். பாட்டி அங்கே போனால் பெண்ணைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது? இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறப்புப் பயிற்றுநர் அப்போதுதான் வாய் திறப்பார். வட்டார வள மையத்திலேயே குறிப்பிட்ட நாளில் பயிற்சி இருக்கிறதே, அது பக்கம்தானே என்பார். அங்கன்வாடிப் பணியாளருக்கு அது இதுவரை தெரியாது. இரண்டு பேரும் போன் நம்பர் வாங்கிக்கொள்வார்கள். மாநாட்டுச் செலவில் பாதி அந்த இடத்திலேயே வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாதுகாப்பு அலகு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தந்தையை இழந்து தாயை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பிள்ளையை விடுதிக்கு அனுப்பாமல் குடும்பத்திலேயே வைத்து வளர்க்கத்தான் அந்தப் பணம். ‘விண்ணப்பம் வந்தால் பரிசீலிப்போம்’ என்பார் அலுவலர். விண்ணப்பத்தோடு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று அவர் அடுக்க ஆரம்பித்ததும், அறையில் இருக்கும் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இறப்புச் சான்றை எடுக்காமலேயே வருடக்கணக்கில் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே மேசையில் ஒரு கிராம நிர்வாக அலுவலரும் இருக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் உறைக்கும். மனநல மாநாட்டுக்கு வி.ஏ.ஓ. எதற்கு என்று முதலில் உங்களைக் கேலி செய்தவர்களுக்கும் உறைக்கும்.

கடைசியாக மனநல மருத்துவர். ஞாயிறு விட்டு மற்ற நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி என்றால் பள்ளியைப் பார்க்க வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும், அப்பாவின் சாவைப் பற்றி யாராவது அந்தப் பெண்ணோடு பேசினார்களா என்று பார்க்க வேண்டும் என்பார். வலி பொய்யில்லை, நிஜமாகவே வலிக்கும் என்று அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைப் பாட்டிகள் கேட்க வேண்டும். ‘ஸ்கூலுக்கு மட்டம் போட நாடகம் ஆடுது’ என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. தாலுகா மருத்துவமனைக்குத் தான் எந்தக் கிழமை வருகிறேன் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். திருப்பூரில் இருக்கும் அம்மாவை விட்டுவிடக் கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து அவள் யாரிடம் பேசுவாள்? 14416 இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் எண் அது. தமிழிலேயே பேசலாம்.

இந்த ஒரு அமர்வுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலையிலேயே வையுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பெற்றோர் அமர்வை மாலையில் போடுவது நம் ஊர்களில் ஒரு வழக்கம். மூன்று மணிக்கு மேல் அம்மா யாரும் இருக்க மாட்டார்கள். இன்னொரு பிள்ளை பள்ளிவிட்டு வந்துவிடும், பஸ் போய்விடும். அவர்களுக்கான நேரம் முற்பகல்தான். பஸ் காசையும் அன்றைய கூலி இழப்பையும் கையிலேயே, ரொக்கமாக, வந்ததும் கொடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புகிறோம் என்று சொன்னால், அந்தப் பைக்குள் இன்னொரு தாள் சேர்ந்தது என்று அர்த்தம். மேடையில் ஒரு அம்மாவைப் பேச அழைத்தால், பேராசிரியருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தை அவளுக்கும் கொடுங்கள். அழவைக்கும் கதையைச் சொல்லச் சொல்லாதீர்கள். எந்த அலுவலகம் எப்படி அலையவிட்டது, எது உடனே செய்து கொடுத்தது என்று சொல்லட்டும். அதைச் சொல்ல அவளைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

தேதிக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரல் வேண்டாம், பொதுத் தேர்வு. திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம், கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள், ஒரு அதிகாரியும் வர முடியாது. அக்டோபர் 10 உலக மனநல நாள். அன்றைக்கு வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றும். அன்று மாவட்டத்தில் இருக்கும் இரண்டு மூன்று மனநல மருத்துவர்களை ஏழெட்டுக் கல்லூரிகள் ஏற்கெனவே பிடித்திருக்கும். ஆடி மாதத்தைப் பாருங்கள். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி, வாடகையும் பேசிக் குறைக்கலாம். அந்த ஊர்க் கோயில் கூழ் ஊற்றும் நாள் மட்டும் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வர வேண்டும் என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் திட்ட அலுவலரிடமும் செயல்முறைக் கடிதம் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு அழகாக அழைப்பிதழ் அடித்தாலும் வந்தவர்களுக்கு அன்று விடுப்புதான் கழியும். மதியம் வருகைச் சான்றிதழ் கொடுக்க மறந்தாலும் அதே கதிதான்.

கல்யாண மண்டபத்தில் ஒரு சங்கடம் உண்டு, எதிரொலி. மைக் ‘கீ’ என்று கத்தும் அந்த ஒரு நொடி நமக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய நாளே முடிந்துவிடும். ஒலிபெருக்கிக்காரரிடம் முந்தின நாளே பேசுங்கள். மணமகள் அறையைக் காலி செய்து, பாய் விரித்து, விளக்கைக் குறைத்து, அமைதி அறையாக வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி உள்ளவர்கள் வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஆசையாக வருவார்கள், ஆனால் ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கத் தெரியாது. வாசல் கேட்டில் ஒருவர் நாள் முழுக்க நிற்கட்டும், வரவேற்க மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நன்கொடை கொடுத்தவர் குழந்தைகளோடு நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆசைப்படுவார். அவருக்கு இந்தப் பிரிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது நட்புக்கு நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று. வளரிளம் பிள்ளைகளுக்குத் தனி அமர்வு வைத்தால், ‘உங்கள் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான அனுபவத்தைப் பகிருங்கள்’ என்று மைக்கை நீட்டும் ஆசாமிகளை உள்ளே விடாதீர்கள். நூறு பேர் நடுவில் ஒரு பெண் தன் மாமாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரியவந்தவர் காவல் துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். அந்தப் பெண் பஸ் ஏறி அதே வீட்டுக்குத்தான் திரும்பப் போகிறாள் என்பதையும் யோசிக்க வேண்டும். பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர், ஆலோசகர் ஒருவர், ஒரு தனி அறை, இது மூன்றும் தயாராக இல்லையென்றால் அந்த அமர்வையே வைக்காதீர்கள். கலை நிகழ்ச்சி வைத்துவிட்டுப் போங்கள், பாதகமில்லை.

குடும்ப ஆதரவு என்றால் ஆலோசனை அறையும் டிஷ்யூ பெட்டியும் மட்டும் என்று நினைக்கிறார்கள். பிளஸ் டூ முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தவறிய பிள்ளைக்கு ஒரு வருடம் போச்சே என்ற பயம்தான் பெரிய பயம். அதே ஆண்டில் உடனடியாகத் துணைத் தேர்வு வைத்தால் அந்தப் பயம் குறையும் என்று வாதாடியவர்களில் ஒருவர், 1986-இல் சென்னையில் சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார். இன்று துணைத் தேர்வு நமக்குச் சாதாரண விஷயமாகிவிட்டது. தேர்வுத் துறை தன் கால அட்டவணையை மாற்றியது, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கும் தனியாக ஆலோசனை சொல்லவில்லை, ஆனால் எத்தனையோ வீடுகளில் அன்றைய இரவு கொஞ்சம் லேசாகியிருக்கும். அதனால்தான் கல்வித் துறைக்காரரை வாழ்த்துரை வழங்கிவிட்டுக் கிளம்பவிடாதீர்கள் என்கிறேன். கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

பூசாரியையும் தர்காக்காரரையும் அழைக்கலாமா என்று தயங்குவீர்கள். அழையுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா ஊரான ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக்கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டதும் குடும்பங்கள்தான். போக வேறு இடம் தெரியாத குடும்பங்கள். பிறகு அதே ஊரில் மருந்தும் துவாவும் சேர்ந்து நடக்கட்டும் என்று அரசே மனநலச் சிகிச்சையைத் தர்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. நம் பாட்டி கயிறு கட்டியதில் குற்றம் ஒன்றுமில்லை. கயிறு கட்டியவர் ‘டாக்டரையும் ஒரு தடவை பாத்துரு தாயி’ என்று சேர்த்துச் சொன்னால் போதும். அதைச் சொல்லவைக்கும் வாய்ப்பு மாநாட்டில் மதியச் சாப்பாட்டுப் பந்தியில்தான் கிடைக்கும், மேடையில் கிடைக்காது.

மாநாட்டு மலர் அடிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். மலரில் வாழ்த்துச் செய்திகள் முடிய இருபது பக்கம் ஆகும். அந்தக் காசில் ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் அடியுங்கள். எந்தத் தாலுகா மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை, டிஇஐசி எந்தக் கட்டடத்தில் எந்த மாடி, வள மையத்தில் பயிற்சி எந்த நாள், சான்றிதழ் முகாம் எங்கே, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, பேச ஆள் வேண்டும் என்றால் 14416. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு நிராமயா காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை உண்டு என்பதை ஒரு வரியில் போடுங்கள், நிறையப் பேருக்குத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே அழைத்துப் பாருங்கள். பாதி எண்களை யாரும் எடுக்க மாட்டார்கள், சிலவற்றை மாறுதலாகிப் போன ஒருவர் சொந்த ஊரிலிருந்து எடுப்பார். எடுக்காத எண்ணை அடிக்கக் கூடாது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், பாட்டிகள் படிக்க வேண்டும்.

மேசை அமர்வில் எத்தனையோ ஓட்டைகள் தெரியவரும். அவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, எந்தத் துறை எதைச் செய்தால் அடைபடும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மாநாடு முடிந்த பத்து நாளுக்குள் கலெக்டருக்குக் கொடுங்கள். தீர்மானங்கள் பதினெட்டு நிறைவேற்றுவார்கள் சில பேர், அது நாளிதழுக்கு ஆகும். மூன்று மாதம் கழித்து, அந்த மேசையில் உட்கார்ந்த அதே ஆட்களை மறுபடி கூப்பிடுங்கள். அதற்கு மண்டபம் வேண்டாம், வட்டார வள மையத்தில் ஒரு அறையும் டீயும் போதும். அந்தக் கூட்டத்துக்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பொன்னாடைக்குப் போய்விடும். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவை மட்டும் நேரில் நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதைத்தான் கேட்பார்கள்.